ஈரத்தில் நிறம் பார்க்கக் கூடாது

மார்ச் 2, ஞாயிறு

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு இன்று காலை 7.10 மணிக்கு, இனி இந்த வீட்டில் வெள்ளைச் சர்க்கரை இருக்காது என்று முடிவெடுத்து அறிவித்தேன். பதினோரு நாட்களாக யோசித்து வந்த விஷயம். சாதகம், பாதகம் என்று இரண்டு பத்தி போட்டு எழுதிப் பார்த்தேன். பாதகத்தின் கீழ் ‘ருசி’ என்ற ஒரே சொல்தான் இருந்தது. அதையும் அடித்துவிட்டேன். இதைவிடக் குறைந்த யோசனையில் நாடுகள் போருக்குப் போயிருக்கின்றன.

காரணம், என் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 6.1. அந்த எண்ணைத் தந்தவள் மதுமிதா. ஈரோட்டில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வைகாசியில் எங்கள் மருமகளாக வரப்போகிறவள். “பார்டர்லதான் இருக்குதுங் மாமா. பயப்பட ஒண்ணுமில்ல, கொஞ்சம் கொறைச்சுக்கிட்டாப் போதும்” என்றாள். குறைத்துக்கொள்வது முடிவெடுக்கத் தெரியாதவர்கள் செய்வது.

டப்பாவில் இருந்த ஒன்றே முக்கால் கிலோவைப் பிள்ளையார் கோவிலில் கொடுத்துவிட்டு வந்தேன். என் மனைவி வசந்தாமணி “சரிங்க” என்றாள். முப்பத்தொரு வருட மணவாழ்வில் அவளிடமிருந்து எனக்குக் கிடைத்துவரும் ஆதரவு இந்த ஒரு சொல். மகன் தரணிதரன்தான், “அம்மாவுக்கு எதுக்குங்ப்பா? அவங்களுக்கு சுகரே கெடையாதே” என்றான். பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான், வயது இருபத்தெட்டு, எதிர்க்கேள்வி கேட்கும் பருவம் இன்னும் முடியவில்லை. ஒரே வீட்டில் இரண்டு சட்டம் இருக்க முடியாது என்று விளக்கினேன்.

மார்ச் 3, திங்கள்

மூன்று டம்ளர் காபி, மூன்றிலும் சர்க்கரை இல்லை. வசந்தாமணி ஒரு மிடறு குடித்துவிட்டு ஜன்னல் வழியாக வெகுநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காபியின் உண்மையான சுவையை இப்போதுதான் அறிகிறாள் என்று நினைக்கிறேன்.

மார்ச் 5, புதன்

வெற்றி. அவள் பழகிவிட்டாள். இப்போதெல்லாம் சமையலறையிலேயே நின்று குடித்து முடிக்கிறாள். வெளியே வரும்போது முகத்தில் தெளிவு. முன்பு ஸ்பூன் போட்டுக் கலக்கும் சத்தம் ஹால் வரை கேட்கும். கூர்ந்து கவனித்தேன். ஒரு சத்தமும் இல்லை.

இப்படிக் கவனிப்பது எனக்குத் தொழில் தந்த பழக்கம். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் முப்பத்து நான்கு வருடம் டையிங் மாஸ்டராக இருந்தேன். வாங்குகிறவர் அனுப்பும் ஒரு சின்னத் துண்டுத் துணியைப் பார்த்து, அதே நிறத்தில் இரண்டு டன் துணி எடுத்துக் கொடுப்பது வேலை. ஓய்வு பெற்றபோது பட்டறையின் பழைய லைட் பாக்ஸைப் பரிசாகக் கேட்டு வாங்கி வந்தேன். பகல் வெளிச்ச டியூப், கடை வெளிச்ச டியூப் எல்லாம் உள்ள, நிறம் பார்க்கும் பெட்டி அது. படுக்கையறையில் பீரோவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வசந்தாமணி அதன் மேல் இஸ்திரித் துணி அடுக்குகிறாள். இரண்டு முறை ஆட்சேபித்திருக்கிறேன்.

மார்ச் 8, சனி

குடியிருப்போர் சங்கத்தில் போதைப் பொருள் விழிப்புணர்வுக் கூட்டம். போலீஸ் அதிகாரி ஒருவர் பேசினார். நானும் இன்னொருவரும் மட்டும் குறிப்பெடுத்தோம். அந்த இன்னொருவர் மளிகைப் பட்டியல் எழுதியிருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது.

பிள்ளைகள் ரகசியமாகப் பேசுவார்கள், நாம் போனால் நிறுத்துவார்கள் என்றார். சிறிய பிளாஸ்டிக் கவர்களில் மறைத்து வைப்பார்களாம். கிடைக்காத நாளில் தலைவலி, எரிச்சல், கை நடுக்கம் வருமாம். “உங்க வீட்டுல இருந்தாக்கூட கடைசியாத் தெரியப்போறது உங்களுக்குத்தான்” என்றார். தெரியாத பொருளைத் தொடவோ முகரவோ நாக்கில் வைக்கவோ கூடாது என்றும் சொன்னார். அடிக்கோடிட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து தரணியின் நடத்தையைக் குறிப்போடு ஒப்பிட்டேன். முதல் அறிகுறி பொருந்தியது. நேற்று அவனும் அவன் அம்மாவும் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போனதும் நிறுத்திவிட்டு, இரண்டு பேருமே கேஸ் சிலிண்டரைப் பார்த்தார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

கால்வலியால் காலை நடையைப் பாதியில் முடித்துத் திரும்பினேன். சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. தரணி நின்றிருந்தான். ஆறு வயதில் பம்பரம் சுற்றியதற்குப் பிறகு இந்த வீட்டில் அவன் எதையும் சுற்றி நான் பார்த்ததில்லை.

“என்னடா அரைக்கறே?”

“மெளகுங்ப்பா.”

மிளகின் வாசம் வரவில்லை. மிக்ஸி ஜாரின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

மார்ச் 10, திங்கள்

கதவைத் தாழிட்டுவிட்டு எழுதுகிறேன்.

ஸ்டேப்ளர் தேடித் தரணியின் பையைத் திறந்தேன். உள் அறையில் ஒரு கவர். சட்டையோடு உபரிப் பொத்தான் போட்டுத் தருவார்களே, அந்த ஜிப் வைத்த குட்டிக் கவர். இந்த ஊரில் எந்த வீட்டிலும் ஐம்பது கிடைக்கும். ஆனால் உள்ளே பொத்தான் இல்லை. வெள்ளைத் தூள், மாவு போல மென்மையானது.

உட்கார்ந்தேன். உட்கார்ந்தது ஈரத்துண்டின் மேல். எழுந்தேன்.

இன்னொன்றையும் பதிவு செய்ய வேண்டும். பையின் வார் வழியாக ஏறி வந்த ஏழு எறும்புகள் அந்தக் கவரைச் சுற்றி வந்துகொண்டிருந்தன. தட்டிவிட்டேன். திரும்பி வந்தன. மறுபடி தட்டினேன். மறுபடி வந்தன. அடிமைத்தனம் எவ்வளவு கொடியது என்பதை இப்படிக் கண்ணெதிரே பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

எடை 14.62 கிராம். கவரைப் பறிமுதல் செய்து லைட் பாக்ஸுக்குள் வைத்துப் பூட்டினேன். தொடவில்லை, முகரவில்லை, நாக்கில் வைக்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

தண்டபாணிக்குப் போன் செய்தேன். சாயக் கெமிக்கல் ஏஜெண்ட், முப்பது வருடப் பழக்கம். யார் எது கேட்டாலும் எங்கிருந்தாவது வரவழைப்பவன். வீட்டிலேயே போதைப் பொருளைச் சோதிக்கும் கிட் கிடைக்குமா என்றேன்.

“யாருக்குங் மாஸ்டர்?”

“பொதுவான ஆர்வம்.”

“பொதுவான ஆர்வத்துக்கு ஜனங்க மீன் தொட்டி வாங்குவாங்க. செரி, ஒரு ஏழு சொட்டு மருந்துப் புட்டி போட்ட பெட்டி இருக்குது. தூள் மேல ஒரு சொட்டு உடணும், கலரு மாறும், அட்டையில பாத்துக்கோணும். கலரு பாக்கறதுல உங்களுக்கு யாரு சொல்லித் தரோணும்?”

உண்மை. இந்த மாவட்டத்தில் என்னைவிடத் தகுதியானவர் இல்லை.

மார்ச் 12, புதன்

“ஏனுங்க, தரணி பையில ஏதாச்சும் எடுத்தீங்களா?” என்று வசந்தாமணி கேட்டாள். இல்லை என்றேன். அவள் முகம் வெளுத்தது. காபியை அப்படியே வைத்துவிட்டாள்.

அவளுக்கு எப்படித் தெரியும்?

மார்ச் 13, வியாழன்

வசந்தாமணிக்குக் காலையிலிருந்து தலைவலி. இட்லித் தட்டை ஓங்கி வைத்தாள். “வூட்டுல ஒரு வாய் காப்பிக்கு வழியில்ல” என்று சுவரிடம் சொன்னாள். டம்ளர் அவள் எதிரில்தான் நிறைய இருந்தது. என்ன சொல்கிறாள் என்று விளங்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

கிட் வந்தது. அமில மருந்து நிரப்பிய ஏழு குட்டிப் புட்டிகள், ஒரு பீங்கான் தட்டு, வண்ணக் கட்டங்கள் அச்சிட்ட ஓர் அட்டை, மடித்து வைத்த ஒரு தாள்.

தாளை முழுவதும் படித்தேன். தூளை ஊசி முனை அளவு எடுத்து ஒரு சொட்டு விட வேண்டும்; முதல் ஒரு நிமிடத்தில் வரும் நிறத்தை மட்டும் அட்டையோடு ஒப்பிட வேண்டும்; அதற்குப் பிறகு மாறும் நிறத்தைக் கணக்கில் கொள்ளக் கூடாது; வீட்டிலுள்ள சாதாரணப் பொருள்கூட நேரம் ஆனால் கருத்துப் போகும். இது ஒரு குறிப்பு மட்டுமே, தீர்ப்பு அல்ல. எதையும் முடிவு செய்யும் முன் ஆய்வகத்தில் உறுதி செய்ய வேண்டும் என்று கடைசியில் தடித்த எழுத்தில் இருந்தது.

இதை எழுதியவர் சாயப்பட்டறையை வாசல் வழியாகக்கூடப் பார்த்ததில்லை என்பது புரிந்தது. ஈரத்தில் நிறம் பார்க்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லித்தரும் பாடம். துணி காய வேண்டும். காய்ந்த பிறகு நான்கு மணி நேரம் காற்றாட விட வேண்டும். அதற்குப் பிறகுதான் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஈரத்தில் பார்த்து ‘ஓகே’ சொன்ன ஒருவனை அன்று மத்தியானமே கணக்கு முடித்து அனுப்பியிருக்கிறேன்.

எனவே முறைப்படி செய்தேன். கையுறை அணிந்து, காலை 10.15க்கு முதல் புட்டியிலிருந்து ஒரு சொட்டு விட்டேன். முதல் நிமிடத்தில் தண்ணீர் போல இருந்தது. அவசரக்காரன் இங்கேயே ‘ஒன்றுமில்லை’ என்று எழுந்து போயிருப்பான். எத்தனை வீடுகள் இப்படிக் கெட்டனவோ. 10.40க்கு இளமஞ்சள். 11.30க்கு டீ நிறம். பிறகு சாப்பிடப் போனேன். 2.15க்கு லைட் பாக்ஸில், பகல் வெளிச்ச டியூபின் கீழ் வைத்துப் பார்த்தேன்.

கரும் பிரவுன். நிறத்துக்கு ஒரு துணித்துண்டு ஒட்டிய என் ஷேடு புத்தகத்தில் 417, புகையிலை பிரவுன்.

அட்டையில் ‘ஆரஞ்சில் தொடங்கிப் பிரவுனாக மாறும்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதற்கு நேரே எழுதியிருந்த போதைப் பொருளின் பெயர் ஆம்ஃபெட்டமைன். ஆரஞ்சு நான் பார்க்கவில்லை. சாப்பிடும் நேரத்தில் வந்து போயிருக்க வேண்டும்.

அது காயவும் இல்லை. எத்தனை பிடிவாதமான பொருள்.

மார்ச் 15, சனி

மறுசோதனை. அதே நேரம், அதே வெளிச்சம், அதே 417. இரண்டு முறை ஒரே நிறம் வந்தால் அதில் சந்தேகப்பட எதுவும் இல்லை.

என் மகன். எல்.கே.ஜி.யில் மாறுவேடப் போட்டியில் காய்கறியாக நடித்து ஆறுதல் பரிசு வாங்கியவன்.

மார்ச் 16, ஞாயிறு

இதை எழுதலாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன்.

காலையில் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே வந்தேன். சமையலறையில் பேச்சு கேட்டது.

“கொண்டாந்தியா கண்ணு?” இது என் மனைவியின் குரல்.

“மெதுவாப் பேசுங்கம்மா, அப்பா வந்துருவாரு. இந்தாங்க. ஒரு வாரத்துக்கு வரும்.”

“அப்பாடா. நாலு நாளா மண்டை வெடிக்குது சாமி. இதில்லாம எந்திரிச்சு ஒரு வேலை ஓடமாட்டீங்குது.”

“போன கவரு எங்க போச்சுன்னே தெரியலீங்ம்மா.”

“எலி கிலி இழுத்துட்டுப் போயிருக்கும். வுடு.”

பிறகு டம்ளரை மேடையில் வைக்கும் சத்தம் கேட்டது. அதன் பிறகு வசந்தாமணி பெருமூச்சு விட்டாள். அப்படி ஒரு நிறைவான பெருமூச்சை முப்பத்தொரு வருடத்தில் நான் கேட்டதில்லை.

மெதுவாக வாசலுக்குத் திரும்பி வந்தேன். செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போய் நின்றேன். மகன் கொண்டுவருகிறான், தாய் உட்கொள்கிறாள். தலைவலி, எரிச்சல், வியாழக்கிழமை ஓங்கி வைத்த இட்லித் தட்டு, எல்லாம் வரிசையாக வந்து பொருந்தின. கடைசியாகத் தெரியப்போவது எனக்குத்தான் என்று அந்த அதிகாரி என் முகத்தைப் பார்த்தே சொல்லியிருக்கிறார்.

மார்ச் 17, திங்கள்

என்ன செய்வது? தொழிலில் நான் என்ன செய்தேன் என்று நினைத்துப் பார்த்தேன்.

1998-இல் பாட்டில் கிரீன் இரண்டு டன், ஷேடு அரை நூல் விலகிப் போனது. முதலாளி அனுப்பிவிடு, எவனுக்குத் தெரியும் என்றார். நான் வாங்குகிறவருக்குக் கடிதம் எழுதி, சரியான துண்டையும் தவறான துண்டையும் அருகருகே ஒட்டி அனுப்பினேன். சரக்கு நின்றது. அதற்குப் பிறகு பட்டறையில் எனக்கு மிகுந்த மரியாதை. இரண்டு வருடம் தனியாகக் குடோனில் உட்காரவைத்து மரியாதை செய்தார்கள்.

வாங்குகிறவருக்குக் குறையைச் சொல்லாமல் சரக்கு அனுப்பக் கூடாது. மதுமிதாவின் அப்பா சென்னியப்பன் நல்ல மனிதர், ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கிறார். தரணியும் மதுமிதாவும் தாங்களாகப் பேசிப் பழகி, பிறகு வீட்டில் சொன்னவர்கள். சென்னியப்பன் சம்மதிக்கவே எட்டு மாதம் ஆனது. அப்படிப்பட்டவரை ஏமாற்ற எனக்கு மனமில்லை.

மார்ச் 18, செவ்வாய்

ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். நகல்:

‘மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு வணக்கம். பொருள்: தரணிதரன். மேற்படியாரின் பையில் கிடைத்த தூள் இரு முறை முறைப்படி சோதிக்கப்பட்டு, இரு முறையும் இத்துடன் இணைத்துள்ள நிறத்தைத் தந்தது. இது போதைப் பொருளுக்குரிய நிறம். முடிவு: தேர்ச்சி இல்லை. திருமணம் குறித்துத் தாங்கள் எடுக்கும் எந்த முடிவுக்கும் கட்டுப்படுகிறேன். இங்ஙனம், நாச்சிமுத்து.’

அமிலச் சொட்டைத் தபாலில் அனுப்ப முடியாது. ஷேடு புத்தகத்தில் 417-ஐ இரண்டங்குலச் சதுரமாக வெட்டி, ஓரம் பிசிறு வராமல் ஜிக்ஜாக் கத்தரி போட்டு, கடிதத்தின் மூலையில் பின் செய்தேன். மனைவியைப் பற்றி எழுதவில்லை. அது எங்கள் வீட்டு விஷயம்.

மார்ச் 20, வியாழன்

காலை 11 மணிக்குச் சென்னியப்பன் போன் செய்தார். குரலில் உற்சாகம்.

“சம்பந்தி, துணி வந்துச்சுங். மாப்பிள்ளைக்குக் கோட்டுத் துணியுங்களா? கலரு கொஞ்சம் கருக்கலா இருக்குதுங்களே. பாப்பா மெரூன்ல பொடவை எடுக்கலாம்னு சொல்லீட்டு இருக்குது. பக்கத்துல நின்னா எடுபடுமுங்களா?”

“கடிதத்தைப் படித்தீர்களா?”

“கண்ணாடி மண்டியில இருக்குதுங். கலருக்குக் கண்ணாடி எதுக்குங்? எனக்குச் சம்மதந்தானுங்.”

12.20க்கு மறுபடி போன் வந்தது. இப்போது கண்ணாடி இருக்கும் மண்டியிலிருந்து பேசினார்.

“ஏனுங்க, நீங்க பெத்த பையனுங்களா அது?”

“ஆமாம்.”

“செரிங்” என்று வைத்துவிட்டார்.

நேர்மையாக நடந்துகொண்டால் மனம் லேசாகும் என்று படித்திருக்கிறேன். இன்னும் ஆகவில்லை.

மார்ச் 21, வெள்ளி

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

காலை 9 மணிக்கு மதுமிதா போன் செய்தாள். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. ஆனால் பேச்சு ஆய்வகத்தில் பேசுவது போல இருந்தது.

“மாமா, சொட்டு விட்டு எத்தனை நேரங் கழிச்சுக் கலர் பாத்தீங்க?”

“நான்கு மணி நேரம். பகல் வெளிச்சத்தில்.”

எதிர்முனையில் பேனாவை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

“அந்தப் பேப்பர்ல எத்தனை நேரம்னு போட்டிருக்குதுங்க?”

“ஒரு நிமிடம். அது ஈரத்தில் பார்க்கும் முறை அம்மா. எங்கள் தொழிலில்...”

“மாமா, அது துணி இல்லீங்க.” மூக்கை உறிஞ்சினாள். “அது என்ன தூளுன்னு எனக்குத் தெரியும். நேத்தே தரணி சொல்லீட்டாங்க. உங்ககிட்ட நானே பேசறேன்னு அவங்களை நிறுத்தி வெச்சிருக்கேன். அவங்க சொன்னா நீங்க நம்பமாட்டீங்க, அத்தை சொன்னாலும் நம்பமாட்டீங்க. உங்க கண்ணை நம்புவீங்கல்ல? ஊட்டுல இருக்கற சர்க்கரையை எடுத்து அதே மருந்தை ஒரு சொட்டு விடுங்க. ஒரு நிமிஷத்துல ஒருக்கா பாருங்க. உங்க நாலு மணி நேரத்துல ஒருக்கா பாருங்க.”

“எங்கள் வீட்டில் சர்க்கரை இல்லை” என்றேன். இதைச் சொல்லும்போது வழக்கமாக வரும் பெருமிதம் வந்தது.

“கடையில இருக்குமுங்க மாமா.”

நூறு கிராம் வாங்கி வந்தேன். 10.15க்கு ஒரு தட்டில் இரண்டு குழி. இடதில் தரணியின் தூள், வலதில் கடைச் சர்க்கரை. முதல் நிமிடத்தில் இரண்டும் தண்ணீர். 10.40க்கு இரண்டும் இளமஞ்சள். 11.30க்கு இரண்டும் டீ. இந்த முறை சாப்பிடப் போகவில்லை. ஆரஞ்சு வரவில்லை. 2.15க்கு இரண்டும் 417. முப்பத்து நான்கு வருட அனுபவத்தில் இத்தனை துல்லியமான ஷேடு பொருத்தத்தை நான் பார்த்ததில்லை.

இதற்கு இரண்டு விளக்கங்கள் இருக்க முடியும். முதலாவது, எங்கள் தெரு மளிகைக் கடையில் சர்க்கரை என்ற பெயரில் போதைப் பொருள் விற்கிறார்கள். இதை நான் சற்று நேரம் தீவிரமாகப் பரிசீலித்தேன்.

அப்போது வசந்தாமணி இஸ்திரித் துணியோடு உள்ளே வந்தாள். லைட் பாக்ஸ் திறந்திருந்தது. பொத்தான் கவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். துணியைக் கட்டிலில் வைத்துவிட்டு, கவருக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்துக்கொண்டாள். “வசந்தா, வேண்டாம்!” என்று கத்தினேன்.

“எலி இழுத்துட்டுப் போயிருச்சுன்னு இருந்தேன்” என்றாள். “பூட்டு போடற எலி.”

“என்ன அது?”

“என்ற சர்க்கரைங்க. என்ற காப்பிக்கு. ஸ்பூன் சத்தம் உங்க காதுக்குக் கேக்குமுன்னு பையன் மிக்ஸில அரைச்சுக் குடுத்தான். மாவாட்டம் இருந்தா கலக்காமலே கரஞ்சுரும்.”

கவரின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

“ஒரு வாயி வெச்சுப் பாத்திருந்தா முடிஞ்சுது” என்றாள்.

“நாக்கில் வைக்கக் கூடாது என்று கூட்டத்தில் சொன்னார்கள்.”

“எங்கிட்டக் கேக்கக் கூடாதுன்னுமா சொன்னாங்க?”

மாலையில் தரணி வந்தான். சோதனை விவரத்தைச் சொன்னபோது, எறும்புகள் வரைக்கும் சிரித்தான். கடிதத்தில் துணியைப் பின் செய்ததைச் சொன்னபோது சிரிக்கவில்லை. “ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமேங்ப்பா” என்றான். தூளை விசாரித்தேனே தவிர அவனை விசாரிக்கவில்லை என்பது உண்மைதான். பட்டறையில் துணியிடம் யாரும் கேட்பதில்லை.

மார்ச் 22, சனி

தவறு நடந்தால் அதே வழியில் திருத்த வேண்டும். சென்னியப்பனுக்கு இரண்டாவது கடிதம் அனுப்பினேன். ‘மறுசோதனை செய்யப்பட்டது. தூள்: சர்க்கரை. முந்தைய முடிவு ரத்து. தரணிதரன் தேர்ச்சி. குறையேதும் இல்லை.’ நிறம் குறித்து ஐயம் வராமலிருக்க, நன்றாக வெளுத்த தூய வெள்ளைத் துணி இரண்டங்குலச் சதுரம் வெட்டிப் பின் செய்தேன். ஓரங்களில் ஜிக்ஜாக் கத்தரி.

மனம் லேசாக இருக்கிறது.

மார்ச் 25, செவ்வாய்

சென்னியப்பனின் போன். இந்த முறை கண்ணாடி கையில் இருந்திருக்கிறது. ஆனாலும் அவர் முதலில் பார்த்தது துணியைத்தான்.

“கல்யாணப் பொண்ணு இருக்கற ஊட்டுக்கு வெள்ளைத் துணியுங்களா? வெள்ளைத் துணியா அனுப்புவீங்க? எங்கூட்டுக்காரி கவரைப் பிரிச்சுட்டு அப்படியே உக்காந்துட்டாளுங்க. யாருக்கு என்ன ஆச்சுன்னு ரெண்டு தெரு ஓடியாந்துருச்சு!”

அது ‘தேர்ச்சி’யைக் குறிக்கும் நிறம் என்று விளக்கினேன். எதிர்முனையில் ஒரு பெண் அழும் சத்தம் கேட்டது. மதுமிதாவின் குரல் அல்ல. அவள் பின்னால் நின்று, “அம்மா, அவரு அந்த அர்த்தத்துல அனுப்பலீங்ம்மா” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

தரணி இரண்டு நாட்களாக என்னோடு பேசவில்லை. நிச்சயம் முறியுமா என்று வசந்தாமணியிடம் கேட்டேன். “முறிஞ்சா அதுக்கும் ஒரு கலரு இருக்குமுங்க உங்க பொஸ்தகத்துல” என்றாள்.

மார்ச் 30, ஞாயிறு

சென்னியப்பன் தன் அண்ணனோடும் மதுமிதாவோடும் வந்தார். கல்யாணத்துக்கு முன் பெண் மாப்பிள்ளை வீட்டுக்கு வருவது வழக்கமில்லை. “நான் வந்துதான் தீருவேன்னு ஒத்தக்கால்ல நின்னுதுங்” என்றார். காபி வந்தது. ஆறு டம்ளர். வசந்தாமணி சர்க்கரை டப்பாவை ஹாலுக்கே எடுத்து வந்து நடுவில் வைத்தாள். எல்லோரும் ஸ்பூன் போட்டுக் கலக்கினார்கள். வீடு முழுக்கச் சத்தம்.

“பையன் மேல ஒரு குறையுமில்லீங்” என்று சென்னியப்பன் ஆரம்பித்தார். “அம்மாவுக்குச் சர்க்கரை திருடிக் குடுக்கற பையன் பொண்டாட்டியை நல்லா வெச்சுக்குவானுங். எனக்குப் பயம் உங்க மேலதானுங் சம்பந்தி.”

“என் மீதா?”

“தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கு எம்பொண்ணு தலையை வலிக்குதுன்னு செத்த நேரம் படுத்தா, ஒரு துணியை வெட்டி எனக்குத் தபால் போட்டுருவீங்க. சாம்பார்ல உப்பு கொறஞ்சா அதுக்கொரு கலரு வரும். எனக்கு வயசாச்சுங், நெஞ்சு தாங்காது.”

அவருடைய அண்ணன் சிரிப்பை அடக்கக் காபியை ஊதினார். அது ஏற்கெனவே ஆறிவிட்டிருந்தது.

“அதனால கல்யாணம் குறிச்ச தேதியிலயே நடக்கட்டுமுங். தனிக்குடித்தனம். ஈரோட்டுலயே. மாப்பிள்ளை ரயில்ல வேலைக்குப் போய்ட்டு வரட்டும். இதுக்குச் சம்மதம்னா சரி. இல்லீன்னா...”

அவர் முடிப்பதற்குள் தரணி “சம்மதமுங் மாமா” என்றான்.

மதுமிதா என் பக்கம் திரும்பினாள். “மாமா, நீங்க தப்பு செய்யலீங்க. முறைதான் வேற” என்றாள். அவள் ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று புரிந்தது. ஆனால் அவள் சொல்வதில் தொழில்நுட்ப ரீதியாக உண்மையும் இருக்கிறது. ஒரு துணியாக இருந்திருந்தால் நான் செய்தது முழுக்கச் சரி.

போகும்போது வாசலில் சென்னியப்பன் மகளிடம் தணிந்த குரலில், “அந்தக் கருக்கல் கலரு நல்லாத்தான் இருந்துச்சு கண்ணு, மாப்பிள்ளைக்கு அதுலயே கோட்டுத் தெச்சுக்கலாம்” என்றது காதில் விழுந்தது.

ஏப்ரல் 2, புதன்

தரணி ஈரோட்டில் வீடு பார்த்துவிட்டான். ஸ்டேஷனுக்குப் பக்கம். நாளையே குடிபோகிறான். கல்யாணம் வரை அங்கே சமைக்க ஆளில்லை என்று வசந்தாமணியும் கூடப் போகிறாள். எப்போது திரும்புவாய் என்றேன்.

“பாக்கலாமுங்க” என்றாள். ‘சரிங்க’ என்று சொல்லவில்லை. இதைப் பதிவு செய்கிறேன்.

ஏப்ரல் 3, வியாழன்

மிக்ஸி, இரண்டு குடம், இஸ்திரிப் பெட்டி, சர்க்கரை டப்பா போயின. லைட் பாக்ஸின் மேல் இப்போது ஒன்றும் இல்லை. இரண்டு முறை ஆட்சேபித்தது நினைவுக்கு வந்தது.

ஏப்ரல் 5, சனி

தண்டபாணி போன் செய்தான். “கிட்டு எப்படிங் மாஸ்டர், வேலை செய்யுதுங்களா?”

அட்டையில் உள்ளபடி வேலை செய்கிறது என்றேன். முதல் புட்டியில் இன்னும் முப்பது சொட்டு இருக்கும். தாளில், குளிர்ச்சியான இடத்தில் வைக்கவும் என்று போட்டிருக்கிறது. ஃபிரிட்ஜில் நிறைய இடம் இருக்கிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலை 6.40க்கு எழுந்தேன். காபி நானே போட்டேன். ஒரு டம்ளர். சர்க்கரை போடவில்லை.

பால்காரரிடம், ஒரு லிட்டர் வேண்டாம், நாளை முதல் கால் லிட்டர் போதும் என்று சொன்னேன்.